உலகின் மூத்த கல்லும் விடுபட்ட கணக்கும்

வயது அளக்கப்பட்ட கற்களுள் உலகில் மிக மூத்தது எது என்று 1907ஆம் ஆண்டின் இறுதியில் எவரேனும் வினவியிருப்பின், அறிவியலார் சுட்டியிருக்கக் கூடியது இலங்கையின் கறுத்த சிறு கல் ஒன்றையே. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து இரசாயன அறிஞர் பேர்ட்ரம் போல்ற்வூட் அவ்வாண்டு வெளியிட்ட பட்டியலில், பல நாடுகளின் யுரேனியக் கனிப்பொருள்களுக்கு 41 கோடி ஆண்டு முதல் 220 கோடி ஆண்டு வரை வயது குறிக்கப்பட்டிருந்தது. அந்த 220 கோடிக்கு உரியது நம் தீவின் தோரியனைற்று என்னும் கல். இன்றோ, இலங்கையின் தோரியனைற்றுக்குப் புவிச்சரிதவியலார் கூறும் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டே. மூத்தவன் என்னும் பட்டம் போயிற்று. வயதில் நான்கில் மூன்று பங்கும் உடன் போயிற்று. அது போன வகையும், போனதனால் நாம் பெற்ற அறிவும் யாவை என்பதையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

போல்ற்வூட்டின் எண் அன்று எத்துணை அதிர்ச்சி தந்திருக்கும் என்பதை உணர வேண்டுமாயின் அதற்குப் பத்தாண்டு முன் செல்லுதல் வேண்டும். பிரித்தானியப் பௌதிக அறிஞருள் பெருமதிப்புப் பெற்றிருந்த கெல்வின் பிரபு, கொதிக்கும் உருண்டையாகத் தொடங்கிய பூமி ஆறிக் குளிர்வதற்கு எடுத்த காலத்தைக் கணித்து, அதன் வயது 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு என 1897இல் தீர்ப்புக் கூறியிருந்தார். உயிரினங்களின் படிமலர்ச்சிக்கு இக்காலம் போதாது என்று டார்வினைப் பின்பற்றியோர் மனம் புழுங்கினர். ஆயினும் கணிதத்தின் முன் வாய் திறக்க இயலவில்லை. கதிரியக்கத்தின் கண்டுபிடிப்புத்தான் அந்தப் பூட்டை உடைத்தது. யுரேனியம் தானே சிதைந்து வெப்பம் தருகின்றது. சிதையும் வேகமோ சூட்டாலும் அழுக்கத்தாலும் மாறுவதில்லை. மாறாத வேகத்தில் ஓடுவது எதுவோ அது கடிகாரம் ஆகும். இதனை முதலில் உணர்ந்து சொன்னவர் நியூசிலாந்தில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்த ஏர்னஸ்ட் றதர்போட். அவருடைய தூண்டுதலினாலேயே போல்ற்வூட் ஈயத்தை அளக்கத் தொடங்கினார்.

கல்லின் கதைக்கு வருவோம். ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது சிவநடனம் பற்றிய ஆராய்ச்சியும் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுமே. கொள்ளுப்பிட்டியில் 1877இல் பிறந்த அவர், கலைஞானி ஆவதற்கு முன் கல்ஞானியாக இருந்தார் என்பதைப் பலர் அறியார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் காட்டிலும் ஆற்றிலும் அலைந்தவர் அவர். 'சேரன்தீவு' என்ற பழம்பெயர் தோன்றச் செரண்டிபைற்று என்று பெயரிடப்பட்ட புதுக் கனிப்பொருளொன்றைப் பிரையர் என்பவரோடு சேர்ந்து 1903இல் உலகிற்கு அறிவித்தவரும் அவரே. பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் மணலில் ஹொலண்ட் என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்த கறுத்த, கனமான, சதுரத் திண்மமான மணிகள் 1904இல் குமாரசுவாமியின் ஆய்வுக்கு வந்தன. யுரேனியக் கனிப்பொருளாகிய யுரேனினைற்று எனவே அவை முதலிற் கருதப்பட்டன. இலண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிற்யூட்டில் டன்ஸ்ரன் என்பார் பகுத்துப் பார்த்தபோதுதான் அவற்றில் முக்கால் பங்களவு தோரியத்தின் ஒட்சைட்டு என்பதும், யுரேனியம் சிறுபான்மையே என்பதும் தெரியவந்தன. ஆகவே தோரியனைற்று என்று பெயர் சூட்டினர். யுரேனியக் கல் என்று எண்ணி எடுத்தது தோரியக் கல்லாய் முடிந்த இச் செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இதுவே தலைகீழாகத் திரும்பி வரும்.

அக்கற்களை இலண்டன் விரும்பியதற்குக் காரணம் பூமியின் வயது பற்றிய ஞான வேட்கை அன்று. வெண்ணொளி வீசும் வாயு விளக்குகளின் வலை உறைக்குத் தோரியம் இன்றியமையாதது. ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் கூடங்களும் அந்த விளக்கினால் ஒளி பெற்ற காலம் அது. குடியேற்ற ஆட்சி கனிப்பொருள் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியதும் இத்தகைய பொருள்களுக்காகவே. ஆனாற் கல்லை மண்ணிலிருந்து பிரித்தவர் யாவர்? சப்பிரகமுவையின் குழிகளில் இடுப்பளவு நீரில் நின்று 'இல்லம்' எனப்படும் பருக்கை மண்ணை வாரி, மூங்கிற் கூடையிற் சுழற்றிச் சுழற்றிக் கழுவிய தொழிலாளரே. நீலமும் புட்பராகமும் தேடுவோர் கைக்கு, இரும்பையும் விஞ்சிய எடை கொண்ட இக் கறுத்த மணிகள் கூடையின் அடியிற் படிந்த கழிவாகவே தென்பட்டிருக்கும். வேதியியல் அறிஞர் பெயரும், கண்டெடுத்த துரையின் பெயரும், பெயரிட்டவர் பெயரும் நூல்களில் உள்ளன. கூடை சுழற்றியவருள் ஒருவர் பெயரும் இல்லை.

இலண்டன் சென்ற அக்கல் விளக்கிற்கு மட்டும் பயன்படவில்லை. வில்லியம் றாம்சே அதை வாங்கி ஆராய்ந்தார். அவரிடம் ஆங்கிலமும் ஆய்வும் கற்க வந்திருந்த ஓட்டோ ஹான் என்ற செர்மானிய இளைஞர், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற உப்பை ஆராய்ந்து, இரேடியோதோரியம் என்ற புதிய கதிரியக்கப் பொருளை 1905இல் வெளியிட்டார். 1938இல் யுரேனிய அணுவைப் பிளந்த அதே ஹானின் முதற் கதிரியக்கக் கண்டுபிடிப்பு நம் நாட்டுக் கல்லிற் பிறந்தது என்பது எமக்கு வியப்பாகவே உள்ளது.

இனிக் கடிகாரத்தைப் பார்ப்போம். யுரேனிய அணு சிதையும்போது ஈலியம் என்ற வாயுவின் கருக்கள் எட்டு வெளியேறுகின்றன; இறுதியில் எஞ்சுவது ஈயம். ஆகவே கல்லினுள் அகப்பட்ட ஈலியத்தை அளந்தாலும் வயது காணலாம். ஈயத்தை அளந்தாலும் காணலாம். பின்னாளில் றேலி பிரபு எனப் பட்டம் பெற்ற ஸ்ட்றட், ஈலிய வழியைத் தெரிந்தார். காலியிலிருந்து வந்த தோரியனைற்றில் ஒவ்வொரு கிராமுக்கும் 9 கனசென்ரிமீற்றருக்கு மேற்பட்ட ஈலியம் இருந்தது. அக்கல் ஈலியத்தை ஆக்கும் வேகத்தையும் அவர் நேரே அளந்தார். ஒரு கல் ஓராண்டில் வெளிவிடும் வாயு எத்துணைச் சிறிது என்பதை எண்ணிப் பார்த்தால் அம்மனிதரின் பொறுமை விளங்கும். 1910இல் அவர் பெற்ற விடை ஏறத்தாழ 25 கோடி ஆண்டு. ஆயின் ஈலியம் வாயு. பாறையின் மயிரிடுக்குகள் வழியே கசிந்து போகக்கூடியது. ஆதலின் இது குறைந்தபட்ச வயதே என்று அவரே நேர்மையுடன் எழுதினார். ஈலியக் கடிகாரம் 25 கோடி காட்ட, ஈயக் கடிகாரம் 220 கோடி காட்டிற்று. கல் ஒன்று, வயது இரண்டு.

போல்ற்வூட்டின் முறை எளியது. கல்லிலுள்ள ஈயத்தின் அளவை யுரேனியத்தின் அளவால் வகுத்து, வந்த ஈவை 1000 கோடியாற் பெருக்கினால் வயது. எடுத்துக்காட்டாக, நூறு பங்கு தோரியனைற்றில் தோரியம் 65 பங்கும், யுரேனியம் 11 பங்கும், ஈயம் 2.5 பங்கும் இருப்பதாகக் கொள்வோம். 2.5ஐ 11ஆல் வகுக்க 0.227, ஆகவே 227 கோடி ஆண்டு. கணக்கிற் பிழையில்லை. ஆயின் 65 பங்கு தோரியம் எங்கே போயிற்று? தோரியமும் சிதைந்து ஈயமாகவே முடிகின்றது என்பது அன்று நிறுவப்படவில்லை. போல்ற்வூட் அதனை மறுத்தே எழுதினார். எனவே கல்லின் பெரும்பகுதியான தோரியம் கணக்கேட்டிலேயே ஏறவில்லை; அது ஈட்டிய ஈயம் முழுவதும் சிறுபான்மையான யுரேனியத்தின் பேரில் வரவு வைக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த வேகங்களைக் கொண்டு அதே கல்லைக் கணித்தால், 55 கோடி ஆண்டில் 11 பங்கு யுரேனியம் ஆக்குவது ஏறத்தாழ 0.9 பங்கு ஈயம். 65 பங்கு தோரியம் ஆக்குவது ஏறத்தாழ 1.6 பங்கு. இரண்டும் சேர்ந்தால் 2.5. வேறு ஈயம் எதுவும் தேவையில்லை. பெருமைக்குரிய 220 கோடியில், யுரேனியம் சிதையும் வேகத்தை அக்காலத்தார் குறைத்து மதித்த தவற்றுக்கு ஒரு பங்கு உண்டு. பெரும் பங்கு கணக்கில் விடுபட்ட தோரியத்தினதே.

1911இல் ஸ்ட்றட்டின் மாணவராக இருந்த ஆதர் ஹோம்ஸ், இருபத்தொரு வயது இளைஞர், இக்கணக்கைத் திரும்பச் செய்தார். புதிய வேகத்தைக் கொண்டு கணித்தபோது இலங்கைக் கல் 164 கோடி ஆண்டாயிற்று. ஆயினும் பட்டியலின் உச்சியிலேயே இருந்தது. தோரியம் இன்னும் வெளியே நின்றது. அதுமட்டுமன்று: 1914இல் ஹோம்ஸும் லோசனும், தோரியத்தின் இறுதிப்பொருள் நிலையான ஈயமாக இருக்க முடியாது என்றே எழுதினர். அறிஞர் தவறினர் என்று கூறி மகிழ்வது எம் நோக்கம் அன்று. பழைய தோரியக் கற்கள் பலவற்றிலிருந்து ஈயம் நீரோடு கசிந்து வெளியேறிவிடுவதால், தோரியத்தைக் கணக்கிற் சேர்த்துப் பார்த்தோருக்கு ஒவ்வாத வயதுகளே கிடைத்தன. கையில் இருந்த சான்றுக்கு அவர்கள் உண்மையாகவே நடந்துகொண்டனர்.

முடிச்சை அவிழ்த்த பொருளும் இலங்கையிலிருந்தே சென்றது. பிரெடெரிக் சொடி என்பார், ஒரே தனிமத்தின் அணுக்கள் இரசாயனத்தில் வேறுபாடின்றி நிறையில் மட்டும் வேறுபடலாம் என்று 1913இல் கூறிச் சமதானி என்ற கருத்தை நிறுவியவர். யுரேனிய அணுவின் நிறை 238. அதிலிருந்து நான்கு அலகு நிறையுள்ள ஈலியக் கருக்கள் எட்டுப் போக எஞ்சுவது 206. தோரியத்தின் நிறை 232. ஆறு போக எஞ்சுவது 208. ஆகவே இரண்டின் மக்களும் ஈயமேயாயினும், ஒன்று இலேசான ஈயம், மற்றது கனத்த ஈயம். இதனை மெய்ப்பிக்க யுரேனியம் மிகக் குறைந்து தோரியம் மிகுந்த கல் ஒன்று வேண்டும். இலங்கையின் தோரைற்று அத்தகையது: பாதிக்கு மேல் தோரியம், நூற்றுக்கு ஒன்றளவே யுரேனியம். முப்பது கிலோகிராம் தோரைற்றிலிருந்து சொடி ஈயத்தைப் பிரித்தார். அது சாதாரண ஈயத்தைவிட நூற்றுக்கு 0.26 பங்கு அடர்த்தி மிகுந்திருந்தது. அதிலிருந்து அவர் கணித்த அணுநிறை 207.74, சாதாரண ஈயத்தினதோ 207.2. யுரேனியக் கற்களின் ஈயத்தை அமெரிக்காவில் றிச்சட்ஸ் என்பார் 1914இல் அளந்து, சாதாரண ஈயத்தைவிட அது இலேசானது என்று ஏற்கெனவே காட்டியிருந்தார். தராசின் இரு தட்டும் நிறைந்தன.

சொடியின் ஈயத்தை அளந்து 207.77 என்று உறுதி செய்தவர் வியன்னாவின் ஓட்டோ ஹோனிக்ஷ்மிட். அம்முடிவு வெளியானது 1917இல். பிரித்தானியாவும் ஒஸ்திரியாவும் இலட்சக்கணக்கான ஏழை இளைஞரை ஒருவர்மேல் ஒருவர் ஏவிக் கொன்றுகொண்டிருந்த ஆண்டு. நம் தீவின் ஈயத்தை, பகை நாட்டார் இருவர் நிறுத்து, நூறில் சில பங்குக்குள் ஒத்த விடை கண்டனர். தோரியத்தின் ஈயம் நிலைத்து நிற்பது என்பது அதன் பின் மறுக்க இயலாததாயிற்று. அதனைக் கணக்கில் ஏற்றியதும் இலங்கைக் கல்லின் வயது சரியத் தொடங்கியது. 1930களின் இறுதியில் அல்பிரட் நீர் என்னும் அமெரிக்கர் நிறைநிறமாலைக் கருவியினால் 206, 207, 208 என்ற மூவகை ஈயத்தையும் தனித்தனியே எண்ணிக் காட்டியபின் ஐயத்திற்கு இடம் அருகிற்று.

வயதின் கதை இவ்வாறிருக்க, பிறப்பின் கதையையும் தோரியமே சொல்லுகின்றது. யுரேனியக் கனிப்பொருள் பிறக்கும் வழிகளுள் இரண்டினை இங்கு நோக்குவோம். ஒன்று தீயின் வழி: பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது, ஏனைய கனிப்பொருள்களில் இடம்பெறாது ஒதுங்கிய தனிமங்கள் கடைசிக் குழம்பிற் சேர்ந்து, பெக்மதைற்று எனப்படும் பெருமணிப் பாறையாய் உறைதல். மற்றது நீரின் வழி: பாறை வெடிப்புகளினூடே ஏறும் கொதிநீர், அயற்பாறையிலிருந்து யுரேனியத்தைக் கரைத்துச் சென்று, வேறிடத்தில் வெடிப்பின் சுவரிற் படியவைத்தல். இவையே நீர்வெப்ப நாளங்கள். யுரேனியம் ஒட்சிசன் மிகுந்த நிலையில் நீரிற் கரையும். இரும்பு, கந்தகச் சேர்வை, காரீயம் போன்றவற்றைச் சந்தித்து ஒட்சிசனை இழக்குமிடத்துக் கரையாது படியும். தோரியமோ அவ்வாறு இரு நிலை எடுப்பதில்லை. நீரிற் பெரும்பாலும் கரையாது, புறப்பட்ட இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே கொதிநீர் கொண்டுவந்த யுரேனியக் கல்லிலே தோரியம் இல்லையென்றே சொல்லலாம். தீயிற் பிறந்த கல்லிலே தோரியம் உண்டு.

நாளக் கல்லுக்குப் புகழ்பெற்ற ஊர் பொகிமியாவின் யோவாக்கிம்ஸ்தால்; இன்றைய செக் நாட்டின் யாக்கிமோவ். அங்கே பதினாறாம் நூற்றாண்டில் வெள்ளி வெட்டினர். அவ்வூர் வெள்ளி நாணயமான 'தாலர்' என்பதிலிருந்தே 'டொலர்' என்ற சொல் பிறந்தது. வெள்ளி வெட்டியோர் வெறுத்து எறிந்த கரிய கல் பிச்சுபிளெண்டு. மேரி கியூரி அம்மையார் இரேடியத்தைப் பிரித்தெடுத்தது அவ்வூர்க் கழிவிலிருந்தே. வெள்ளி, கோபாற்று, நிக்கல், பிசுமது ஆகியவற்றோடு கொதிநீர் கொணர்ந்த அக்கல்லில் தோரியம் இல்லாமையால், போல்ற்வூட்டின் சூத்திரம் அங்கே இவ்வளவு பெரிதாய்த் தவறுவதற்கு இடமில்லை. இலங்கைக் கல்லிலோ தோரியமே பெரும்பான்மை. 'நான் தீயின் பிள்ளை, நீரின் பிள்ளை அல்லேன்' என்று அது தன் உடலிலேயே எழுதி வைத்திருந்தது. அந்த எழுத்தைப் படியாமல் விட்டதாலேயே வயதும் பிழைத்தது. கல்லின் பிறப்பை அறியாதார் அதன் வயதை அறிதல் அரிது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எமக்குத் தெரியவில்லை.

ஆயின் நாளக் கல்லின் வயதை எளிதென்றும் எண்ணிவிடலாகாது. அங்கே வேறு சிக்கல். கொதிநீர் ஒருமுறை வந்து ஓய்வதில்லை. பல கோடி ஆண்டு கழித்து வெடிப்பு மீண்டும் திறக்கும்; நீர் மீண்டும் ஏறும்; படிந்த யுரேனியத்தைக் கரைத்து அருகிலேயே மறுபடி படியவைக்கும். பழைய ஈயம் பிரிந்து போகக் கடிகாரம் புதிதாய் ஓடத் தொடங்கும். தமிழ் பயின்றோர்க்கு இதனை விளக்க வேறு உவமை வேண்டியதில்லை. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றுவதற்காகத் தேடிய ஏடுகள் சங்க காலத்து ஓலைகள் அல்ல. ஓலை சில நூற்றாண்டில் இற்றுப்போம். ஒவ்வொரு தலைமுறையும் பெயர்த்து எழுதிற்று. ஓலையின் வயது வேறு, நூலின் வயது வேறு, நூல் கூறும் செய்தியின் வயது வேறு. நாளத்திலும் அவ்வாறே: ஈயம் காட்டுவது கடைசியாகப் பெயர்த்து எழுதிய காலத்தை, யுரேனியம் கரைந்து வந்த மூலப்பாறையின் காலம் அதற்கு முந்தியது, யுரேனியம் என்னும் தனிமமோ பூமிக்கும் முந்தியது, எங்கோ அழிந்த விண்மீன்களிற் பிறந்தது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற்றூணைக் காட்டி 'இதன் வயது என்ன?' என்று மாணவரை நாம் வினவலாம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கற்றிருப்பணி செய்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமும் விடை. பாறை உறைந்த காலமும் விடை. எதன் வயது என்று திருப்பிக் கேட்கும் மாணவனே பாடம் அறிந்தவன்.

அவ்வாறு கேட்கும் பழக்கம் நம்மிடையே அருகி இருப்பது வருந்தத்தக்கது. எஸ். வையாபுரிப்பிள்ளை நம் இலக்கியங்களின் காலத்தைச் சொல்லாட்சி கொண்டும் பிற சான்று கொண்டும் ஆராய்ந்து, பலவற்றைப் பிற்காலத்தன என்று கூறினார். அவர் முடிவுகள் சில பின்னர்த் திருத்தப்பட்டன; திருத்தப்படுதல் ஆராய்ச்சிக்கு இழுக்கன்று. ஆனால் அவரை எதிர்த்தோர் பலர் சான்றை எதிர்க்கவில்லை. வயதைக் குறைத்ததே குற்றம், தமிழ்த் துரோகம் என்றனர். ஹோம்ஸ் இலங்கைக் கல்லின் வயதை 56 கோடி குறைத்தார். அவரைக் கற்றுரோகி என்று யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. குமரிக்கண்டம் பற்றிப் பேசுவோர் சிலர், இலங்கை, இந்தியா, மடகாசுகர், ஆபிரிக்கா ஆகியவை ஒரு நிலமாய் இருந்தன என்ற புவிச்சரிதவியற் செய்தியைத் துணைக்கு அழைக்கின்றனர். செய்தி மெய்யே. கொண்டுவானா என்னும் அப்பெருநிலம் ஒன்றுகூடிப் பொருந்திய நெருக்கத்தின் சூட்டிலேதான், ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுக்குமுன், நம் மலைநாட்டுப் பாறைகள் வெந்து உருமாறின. தோரியனைற்றும் அக்கால எல்லையிலேயே உருவாயிற்று. ஆயின் அந்நிலம் பிளந்தது மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன். அங்கே பாடப் புலவனும் இல்லை, கேட்க அரசனும் இல்லை.

மறுபுறத்தாரும் இதில் நம்மினும் மேம்பட்டாரல்லர். இத்தீவிற்கு முந்தி வந்தவர் யாவர் என்ற வழக்கு, ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து தெருவுக்கும் இறங்கியதன் விலையை 1983 யூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் கொடுத்தன. ஈராயிரம் ஆண்டா, ஈராயிரத்தைந்நூறா என்று பூசலிடுவோர் காலடியில் 55 கோடி ஆண்டுப் பாறை கிடக்கின்றது. அப்பாறையின் மூலமான படிவுகளோ இருநூறு கோடி ஆண்டளவு பழையன என்கின்றனர். முந்தி வந்த உரிமை பேசுவதாயின் அவற்றுக்கே பேச உரிமை.

கடிகாரம் பின்னோக்கி மட்டும் ஓடுவதன்று. நாளங்களில் யுரேனியம் படிந்த இந்திய நிலம் சிங்பூமி. இன்றைய ஜார்க்கண்டில், சந்தாலரும் ஹோ மக்களும் வாழும் பகுதி. அங்கே ஜாதுகுடாவில் 1951இல் யுரேனியம் கண்டறியப்பட்டது. 1967இல் இந்திய யுரேனியக் கழகம் அமைந்து வேலை தொடங்கிற்று. அக்கல்லின் வயது 150 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது என்பர். கொதிநீர் அதனை எங்கிருந்து கொணர்ந்தது என்பதில் இன்னும் கருத்து ஒருமிக்கவில்லை. ஒருமித்த செய்தி ஒன்றுண்டு. கல்லை அரைத்து யுரேனியத்தை எடுத்தபின், அதன் வழித்தோன்றல்கள் சேற்றோடு கழிவுக்குளத்திற் போய்ச் சேருகின்றன. குளங்களை அடுத்த ஊர் மக்கள் நோயும் ஊனப் பிறப்பும் பற்றிப் பல ஆண்டாக முறையிட்டு வந்துள்ளனர். கழகம் அதற்குத் தான் காரணமன்று என மறுத்து வந்துள்ளது. வழக்கின் தீர்ப்பை இங்கிருந்து நாம் எழுத முடியாது. கழிவிற் கிடக்கும் பொருளின் கணக்கை எழுத முடியும். அவற்றுள் ஒன்று இரேடியம். பாதியாய்க் குறைய 1600 ஆண்டு. மற்றொன்று அந்த இரேடியத்தை ஓயாது பெற்றுத் தருவது; அதற்கு அயோனியம் என்று பெயரிட்டவர், நம் கல்லை உலகின் மூத்த கல் என்று எழுதிய அதே 1907இல், அதே போல்ற்வூட். பின்னர் ஆராய்ந்தோர் அதுவும் தோரியத்தின் சமதானிகளுள் ஒன்றே என்று கண்டனர். அது பாதியாய்க் குறைய ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும்.